இரண்டாவது கையெழுத்து

ஜனவரி 9

இந்த நோட்டு தொலைந்தால் கண்டெடுப்பவர்களுக்கு: இது பொறையாறு மிஷன் பெண்கள் பள்ளி மூன்றாம் வகுப்பு ஆசிரியை சத்தியநேசத்துடையது. இப்போது ஸ்டாக்ஹோம் நகரத்தில் மாக்னுஸ் ஓக்கர்வால் துரை வீட்டில் இருக்கிறேன். துரையின் தங்கை ஹெட்விக் மிஸ்ஸியம்மா எங்கள் பள்ளியில் இருபத்திரண்டு வருஷம் தலைமை ஆசிரியை. நெஞ்சுச்சளி முற்றி ஊர் திரும்பியபோது துணைக்கு என்னைக் கூட்டி வந்தார். "ஆறே மாசம் நேசம்" என்றார். பதினைந்து மாதம் ஆகிறது.

நோட்டு கொடுத்ததும் அவர்தான். "தினம் நாலு வரி தமிழ்ல எழுது. இல்லன்னா ஊருக்குப் போயி மீன்காரிகிட்ட சுவீடிஷ்ல பேரம் பேசுவே" என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பிறந்த ஊரில் படுத்துக்கொண்டு என்னோடு தமிழில்தான் வம்பளக்கிறார். துரை பக்கத்தில் இருக்கும்போதே அவரைப் பற்றிப் பேசுவோம். அவருக்கு ஒரு சொல் புரியாது. பாவம்.

வெளியே பனி. பகல் மூன்று மணிக்கெல்லாம் விளக்கு ஏற்றியாகிவிட்டது.

ஜனவரி 15, வியாழன்

வியாழக்கிழமை என்றால் இந்த நாட்டில் பட்டாணிக் கஞ்சி. அரசர் முதல் வண்டிக்காரன் வரை அதுதான். சமையல்காரி ஊல்லா கொண்டுவந்து வைத்தாள். துரை கரண்டியை எடுத்தார், அது கையில் நிற்காமல் தட்டில் விழுந்து கஞ்சி மேசை விரிப்பெல்லாம் தெறித்தது. "கரண்டி வழுக்குகிறது" என்று ஊல்லாவைக் கோபித்துக்கொண்டார். கரண்டி மேல் தப்பில்லை. வலது கை விரல்கள் மடங்கவில்லை. நான் பார்த்தேன். என் புருஷன் இறந்தபின் மாமியாருக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது, நீவித்தான் தேற்றினேன்.

நடையில் எதிரே வந்தபோது, எண்ணெய் போட்டு நீவினால் சரியாகும் என்றேன். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அறுபத்தோரு வயதில் என்ன வீம்போ.

ஜனவரி 17

வீம்பு இரண்டு நாள்தான் நின்றது. படிக்கும் அறைக்குக் கூப்பிட்டார். இந்த ஊரில் மரியாதையாகப் பேச வேண்டுமென்றால் நீ, நீங்கள் என்று நேராகச் சொல்ல மாட்டார்கள். பெயரையோ பதவியையோ வைத்துத்தான் பேச்சு.

"நேசம் கதவைச் சாத்தலாம்" என்றார். சாத்தினேன்.

"நேசத்துக்கு இதைச் சரிபண்ணத் தெரியுமா?"

"தெரியும். ஆனா டாக்டர்கிட்ட காட்டினா நல்லது."

"டாக்டர்கிட்ட காட்டினா சாயங்காலத்துக்குள்ள ஊர் பூரா தெரியும். கையெழுத்துப் போட முடியாதவன் மந்திரியாக முடியாது. இது இந்த அறையை விட்டு வெளியே போகக் கூடாது. என் தங்கைக்கும்."

சரி என்றேன். மருந்துக்கடையில் விளக்கெண்ணெய் கிடைக்கிறது. பூண்டு போட்டுக் காய்ச்சினேன். ஊல்லா மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் திறந்தாள். மிஸ்ஸியம்மாவின் நெஞ்சுக்கு என்று சொன்னேன். முழுப் பொய்யில்லை, மிச்சத்தை அவருக்கும் தடவினேன்.

காலையில் அரைமணி. இனி தினமும்.

ஜனவரி 24

ஊல்லா இன்று தன் தகரப் பெட்டியைத் திறந்து காட்டினாள். உள்ளே ஏழு சான்றிதழ்கள். இங்கே ஒரு வீட்டை விட்டு வேறிடம் போனால், வீட்டுத் தலைவர் தன் கைப்பட எழுதிக் கையெழுத்திட்ட தாள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் யாரும் சேர்க்க மாட்டார்கள். எனக்கும் அது தேவைப்படும். மிஷனிலிருந்து எழுதியிருக்கிறார்கள்: நல்ல சான்றிதழோடு திரும்பினால் மிஸ்ஸியம்மாவின் இடம், தலைமை ஆசிரியை இடம், எனக்குத்தான். எங்கள் பள்ளியில் இதுவரை தமிழச்சி யாரும் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் வேண்டும். மிகவும் வேண்டும்.

துரையின் கட்டைவிரல் இன்று கொஞ்சம் அசைந்தது.

ஜனவரி 30

பேப்பர்களில் ஒரே சத்தம். படையைப் பெரிதாக்க வேண்டும் என்கிறார் அரசர். பாராளுமன்றம் மாட்டேன் என்கிறது. மந்திரிகள் பாராளுமன்றத்தின் பக்கம். அரசர் அவர்களோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம். நம் துரை முழுக்க அரசர் கட்சி. அப்பாவும் தாத்தாவும் அரண்மனையில் வேலை பார்த்தவர்கள். புதிதாக எது வந்தாலும் முகம் சுளிப்பவர். வீட்டுக்கு டெலிபோன் வைக்கவே நாலு வருஷம் யோசித்தாராம்.

பேனாவைப் பிடிக்கிறார். பழைய உறையின் பின்புறம் பெயர் எழுதிப் பார்த்தார். "மாக்" வரைக்கும் வந்தது. உறையை அடுப்பில் போட்டு எரித்துவிட்டார்.

பிப்ரவரி 3

மந்திரிசபை கூண்டோடு ராஜினாமா. பதினொரு மணிக்கு அரண்மனை வண்டி வந்தது. துரை போனார். இரண்டு மணிக்குத் திரும்பி, கம்பளிக் கோட்டைக்கூடக் கழற்றாமல் மிஸ்ஸியம்மாவின் அறை வாசலில் நின்றார்.

"ஹெட்விக், அரசர் என்னைப் பிரதம மந்திரியா இருக்கச் சொல்லிட்டார்."

மிஸ்ஸியம்மா சுவீடிஷில் வாழ்த்திவிட்டு என் பக்கம் திரும்பித் தமிழில், "முப்பது வருஷமா இலை போட்டுட்டு உக்காந்திருந்தான். இன்னிக்குத்தான் சோறு வருது. அவன் மூஞ்சியைப் பாரு, நேசம்" என்றார். பார்த்தேன். பத்து வயது குறைந்த மாதிரி இருந்தது. மிஸ்ஸியம்மாவுக்கும் கண் கலங்கியிருந்தது, அதைத் தமிழில்கூடச் சொல்லவில்லை.

ஊல்லா ஏலக்காய் ரொட்டி சுட்டாள். நாலு தின்றேன்.

பிப்ரவரி 5

அரசரின் கையெழுத்து மட்டும் போதாதா, மந்திரி எதற்குப் பக்கத்தில் போட வேண்டும் என்று மிஸ்ஸியம்மாவிடம் கேட்டேன். அவர் வாத்தியாரம்மாவாகிவிட்டார். தலையணையை நிமிர்த்தச் சொல்லி உட்கார்ந்து விளக்கினார். இந்த நாட்டுச் சட்டப்படி அரசர் தனியாகக் கையெழுத்துப் போட்டால் அது வெறும் மை. பக்கத்தில் மந்திரி போட்டால்தான் உத்தரவு. அந்த இரண்டாவது கையெழுத்து இல்லாத தாளுக்கு எந்த அதிகாரியும் கீழ்ப்படிய வேண்டியதில்லை. உத்தரவு சட்டத்துக்கு விரோதம் என்று பட்டால் மந்திரி போடாமல் விலகிக்கொள்ள வேண்டும்.

"அப்ப ராஜாவை விட மந்திரி பெரியவரா?"

"இல்லடி. ராஜா தப்பு பண்ணிட்டார்னு யாரும் சொல்லக் கூடாது. அதனால தப்புக்குப் பொறுப்பேத்துக்கப் பக்கத்துல ஒருத்தன்."

துரையின் கை ஏன் இவ்வளவு அவசரம் என்று இப்போதுதான் முழுசாகப் புரிந்தது. இப்போதைக்கு விரல் சுளுக்கென்று சொல்லி முத்திரையை மட்டும் குத்துகிறார், எழுதுவதெல்லாம் செயலர் பெர்க். சின்னக் காகிதங்களுக்கு அது போதும். பெரிய உத்தரவு வந்தால் அரசரின் எதிரில் பேனாவை எடுத்தே ஆக வேண்டும்.

பிப்ரவரி 8, ஞாயிறு

கோயில். குளிர். பிரசங்கம் நீளம். காலையில் அரைமணி, மாலையில் கால்மணி என்று ஆக்கிவிட்டேன். கை சீக்கிரம் தேற வேண்டுமே.

பிப்ரவரி 12, வியாழன்

கஞ்சியை வலது கையால் சாப்பிட்டார். சிந்தவில்லை. அதற்குச் சந்தோஷப்பட நேரமில்லை.

சாயங்காலம் மிஸ்ஸியம்மாவின் அறைக்கு வந்து ஒரு தாளை வாசித்துக் காட்டினார். நான் மூலையில் காலுறை தைத்துக்கொண்டிருந்தேன். அரசரின் விருப்பம் இது: பாராளுமன்றத்தைக் கலைப்பது. புதுத் தேர்தல் வைக்காமல் ஒரு வருஷம் அரசரே ஆள்வது. கூட்டம் கூடினால் சிப்பாய்கள் கலைப்பார்கள். வெள்ளிக்கிழமை, இருபதாம் தேதி, அரண்மனையில் ஆலோசனை சபை. அங்கே கையெழுத்து.

மிஸ்ஸியம்மா வெகுநேரம் இருமினார். பிறகு, "அதுக்கடுத்த செவ்வாய்க்கிழமை தொழிற்சாலை ஆட்கள் ஊர்வலம் வராங்கன்னு பேப்பர்ல இருக்கே. பொம்பளைங்க, பிள்ளைங்க எல்லாம் வருவாங்க. அவங்க மேலயா சிப்பாய்?" என்றார்.

"கலைஞ்சு போனா யாருக்கும் ஒண்ணும் ஆகாது."

"போகலைன்னா?"

துரை தாளை மடித்துக் கோட்டுப் பையில் வைத்தார்.

"நீ சட்டப் புத்தகத்தின் மேல் கை வெச்சு சத்தியம் பண்ணினவன், மாக்னுஸ்."

"அரசருக்கும்தான் சத்தியம் பண்ணியிருக்கேன். நான் முடியாதுன்னு சொன்னா என்ன ஆகும் தெரியுமா? அரசரோட சொந்த ஆளே அவரைச் சட்டம் மீறினவர்னு சொல்லிட்டான்னு மறுநாள் ஊரே கத்தும். ஊர்வலம் அரண்மனை வாசலோட நிக்காது. சிம்மாசனமே போயிடும். அதுக்கா நான் முப்பது வருஷம் உழைச்சேன்?"

போட்டாலும் கெட்டது, போடாவிட்டாலும் கெட்டது. எனக்கு ஊசி விரலில் குத்திவிட்டது.

பிப்ரவரி 14

துரை தூங்கவில்லை போலிருக்கிறது. கண்ணுக்குக் கீழே கறுப்பு. நீவும்போது வழக்கமாகப் பேப்பர் படிப்பார். இன்று படிக்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டார்:

"நேசத்தோட நாட்டுல பெரிய மனுஷங்களுக்கு முடியாதுன்னு எப்படிச் சொல்லுவாங்க?"

"சொல்ல மாட்டாங்க, உடம்பு சரியில்லைம்பாங்க."

அவர் புரியாமல் பார்த்தார். சும்மா உட்கார்ந்திருப்பதற்கு ஏதாவது பேசலாமே என்று எங்கள் அப்பா கதையைச் சொன்னேன். அப்பா கிராமத்துப் பள்ளிக்கூட வாத்தியார். ஊர் மிராசுதார் ஒரு குடியானவனை நிலத்தை விட்டுத் துரத்திவிட்டு, அவனே மனசார விட்டுப் போனதாக ஒரு பத்திரம் எழுதி, சாட்சிக் கையெழுத்துப் போட அப்பாவைக் கூப்பிட்டனுப்பினார். ஊரில் கையெழுத்துப் போடத் தெரிந்தவர் அப்பா ஒருவர்தான். போட மாட்டேன் என்றால் பள்ளிக்கூடமே இருக்காது. பள்ளிக்கூடம் நின்ற மனை மிராசுதாருடையது. அப்பா வலது கையில் பற்றுப் போட்டு, துணி சுற்றி, கஞ்சி கொட்டிவிட்டது என்று போய் நின்றார். ஒரு மாதம் கட்டைப் பிரிக்கவே இல்லை. கரும்பலகையில் நான்தான் எழுதினேன். எனக்கு அப்போது பதினோரு வயது.

"அந்த ஆள் நம்பினாரா?"

"தெரிஞ்சிருக்கும். புண்ணுக்குன்னு எண்ணெய்கூடக் கொடுத்தனுப்பினார். ஆனா அதுக்கப்புறம் பத்திரத்தைப் பத்தி யாரும் பேசலை. குடியானவன் அங்கேயேதான் இருந்தான். யாருக்கும் மானம் போகலை."

துரை சிரித்தார். இந்த வீட்டுக்கு வந்த பதினாறு மாதத்தில் அவர் பல் தெரிந்து பார்த்தது இன்றுதான். முன்பல் ஒன்று லேசாகக் கோணல். "நேசம் கடைசி வாக்கியத்தை இன்னொரு தடவை சொல்லலாம்" என்றார். சொன்னேன்.

அப்பா கதையை இப்படிப் பரதேசத்தில் வேடிக்கைக்குச் சொன்னது சரியா என்று தெரியவில்லை.

பிப்ரவரி 17

பெயரைப் பதினேழு தடவை எழுதினார். மாக்னுஸ் ஓக்கர்வால், மாக்னுஸ் ஓக்கர்வால். கடைசியில் ஒரு சுழி இழுப்பார், அதுவும் வந்துவிட்டது. ஒன்றுகூட நடுங்கவில்லை. பதினேழையும் எண்ணிவிட்டு என்னைப் பார்த்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிள்ளை முதன்முதலாகத் தன் பெயரை எழுதினால் ஆசிரியைக்கு வருமே, அந்தச் சந்தோஷம்தான். வேறென்ன.

எரித்துவிட்டார் எல்லாவற்றையும். ஒரு உறையையாவது வைத்துக்கொண்டிருக்கலாம்.

பிப்ரவரி 19, வியாழன்

மிஸ்ஸியம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது! பூண்டு வாசனை தன் நெஞ்சில் இருப்பதைவிட அண்ணன் கையில் அதிகம் இருக்கிறது என்று பத்து நாள் முன்பே கண்டுபிடித்துவிட்டாராம். ஊல்லா வெளியே போனதும் என் முழங்கையைப் பிடித்து இழுத்தார்.

"நாளைக்குக் காலையில நீவாதே நேசம்."

"ஏம்மா?"

"குளிர்ல விரல் விறைச்சுக்கும். பேனா பிடிக்க வராது. அவன் கை கெட்டாலும் பரவாயில்ல. அவன் பேரு கெடக் கூடாது. செவ்வாய்க்கிழமை அந்தப் பிள்ளைங்க சாகக் கூடாது."

அவர் கண் என்னை விடவில்லை. இருபது வருஷமாக இந்த மனுஷி சொல்லி நான் தட்டினதில்லை.

"அவரு தப்புப் பண்ணினா அவரே பண்ணட்டும்மா. பண்ணலைன்னாலும் அவரே பண்ணாம இருக்கட்டும். கையை நம்பி என்கிட்ட கொடுத்திருக்கார். அதை நான் கெடுக்க மாட்டேன்."

மிஸ்ஸியம்மா கையை விட்டுவிட்டார். சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது, அடுப்படியில் போய் அழுதேன். ஊல்லா ஒரு கிண்ணம் காப்பி வைத்துவிட்டுப் போனாள்.

பிப்ரவரி 20, வெள்ளி

காலை ஏழரை மணிக்கு நீவினேன். வழக்கத்தைவிட அதிக நேரம். ஒவ்வொரு விரலாக, மணிக்கட்டுவரை. முடிந்ததும் விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தார்.

"நல்லா இருக்கா?" என்று என்னைக் கேட்டார், கை என்னுடையது போல.

"நல்லா இருக்கு" என்றேன். கம்பளிக் கையுறையை நானே மாட்டிவிட்டேன், சூடு போய்விடக் கூடாதே என்று.

நீவாமல் இருந்திருக்கலாமோ? செவ்வாய்க்கிழமை ஏதாவது நடந்தால் அதில் என் கையும் இருக்கும். பகல் முழுக்க ஜெபம் பண்ண உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன்.

அதே நாள், நாலு மணி

இரண்டு மணிக்கு வண்டி வந்தது. செயலர் பெர்க் துரையைத் தாங்கிப் பிடித்துப் படியேற்றிக் கொண்டுவந்தார். பெர்க் முகமெல்லாம் கண்ணீர். நடையிலேயே ஊல்லாவுக்கும் எனக்கும் நடந்ததைச் சொன்னார். அரசர் கையெழுத்துப் போட்டுத் தாளைத் துரையின் பக்கம் நகர்த்தினாராம். துரை பேனாவை எடுத்தாராம், விழுந்துவிட்டதாம். மறுபடி எடுத்தார், மறுபடி விழுந்ததாம். மூன்றாவது தடவை அரசரே குனிந்து எடுத்துக் கொடுத்தாராம். அதுவும் விழுந்தது. "மாமன்னர் மன்னிக்கணும், என் கை என் பேச்சைக் கேட்கலை. ஒரு மாசமா மறைச்சு வெச்சிருந்தேன். நான் இந்தப் பதவிக்கு லாயக்கில்லை" என்றாராம். அரசர் அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்து, தன் சொந்த டாக்டரை அனுப்புவதாகச் சொன்னாராம். பிரதம மந்திரி விலகினால் மந்திரிசபையே போயிற்று. தாள் அப்படியே கிடக்கிறது. புதிதாக ஒரு சபை அமைக்க ஒரு வாரமாவது ஆகும், அதற்குத் துணிந்து யாரும் வரப்போவதில்லை என்று பெர்க் சொன்னார்.

என் நீவலில்தான் ஏதோ தப்பு. அதிகமாக அழுத்தி நரம்பைக் கெடுத்துவிட்டேன். பதினேழு தடவை எழுதிய கையை நான் கெடுத்துவிட்டேன். ஆண்டவரே.

பெர்க் போனார். ஊல்லா வெந்நீர் வைக்க ஓடினாள். படிக்கும் அறையில் துரை நின்றுகொண்டிருந்தார். கோட்டைக் கழற்ற உதவலாம் என்று பக்கத்தில் போனேன். அதற்குள் அவரே பொத்தான்களைக் கழற்றினார். ஐந்து பொத்தான், சின்னச் சின்ன எலும்புப் பொத்தான். வலது கையால், மேலிருந்து கீழே, மளமளவென்று.

அவர் என்னைப் பார்த்தார்.

"நேசம் கதவைச் சாத்தலாம்."

சாத்தினேன்.

"யாருக்கும் மானம் போகலை" என்றார்.

அவருடையதுதான் போயிற்று என்று சொல்ல வாயெடுத்தேன். கோட்டை வாங்கி மாட்டினேன்.

பிப்ரவரி 24, செவ்வாய்

ஊர்வலம் போயிற்று. ஜன்னலிலிருந்து பார்த்தோம். மிஸ்ஸியம்மாவை நாற்காலியோடு தூக்கி வந்தோம். கொடிகள், குடும்பம் குடும்பமாக ஆட்கள், தோளில் குழந்தைகள். அரண்மனை வாசலில் பாட்டுப் பாடிவிட்டுக் கலைந்துவிட்டார்களாம். சிப்பாய்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்களாம். பாராளுமன்றம் நாளை வழக்கம்போலக் கூடுகிறது. அரசர் கோபம் தணிந்து அந்தத் தாளை மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டதாகப் பெர்க் சொன்னார்.

பேப்பரில் துரையைக் கேலிப்படம் போட்டிருக்கிறார்கள். ஊன்றுகோல் வைத்த ஒரு பேனா, கீழே "முப்பது வருஷம் காத்திருந்து பதினேழே நாள்" என்று. எதிர்க்கட்சிப் பேப்பர், ஆண்டவரே அந்தக் கையை முடக்கினார் என்கிறது. இவருடைய கட்சிக்காரர்கள், நோயை மறைத்துப் பதவிக்கு வந்த கிழவன் காரியத்தைக் கெடுத்தான் என்கிறார்கள். ஒருவராவது இவர் மறுத்தார் என்று எழுதவில்லை. எழுத முடியாது. அதற்காகத்தானே செய்தார்.

நான் பேப்பரைக் கிழித்து அடுப்பில் போட்டேன். எனக்கு அவ்வளவு கோபம்.

மார்ச் 2

துரை கையைக் கழுத்தில் கட்டிய துணித் தூளியில் தொங்கவிட்டிருக்கிறார். இடது கையால் சாப்பிடுகிறார். சட்டையெல்லாம் கஞ்சி. இனி சாகும்வரை இப்படித்தான். அரண்மனை டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இது குணமாகாது என்று சொல்லிவிட்டார். ரொம்பப் படித்தவராம்.

காலையில் அரைமணி நீவுகிறேன். தேவை இல்லைதான். ஆனால் திடீரென்று நிறுத்தினால் ஊல்லாவுக்குச் சந்தேகம் வரும்.

மார்ச் 11

மிஸ்ஸியம்மாவுக்கு மூச்சு முட்டுகிறது. நடுவில் தெளிந்து, "அவன் கை நல்லாத்தானே இருக்கு?" என்றார். நான் தலையை ஆட்டினேன். "நெனச்சேன். சின்னப் பிள்ளையில பரீட்சைக்குப் பயந்து வயித்துவலின்னு நடிப்பான். ஒரு தடவைகூட நம்பினதில்ல நான்" என்று சிரித்து, அதிலேயே இருமல் வந்துவிட்டது.

பிறகு, "நேசம், நீ நீவறது கையை மட்டுந்தானா?" என்றார்.

நோயாளி பேச்சு.

மார்ச் 18

மிஸ்ஸியம்மா காலை ஒன்பது மணிக்கு ஆண்டவரிடம் போய்விட்டார். கடைசிவரை தமிழ்தான். துரை கட்டில் பக்கத்தில் நின்று, "என்ன சொல்றா? என்ன சொல்றா?" என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்து மணி அடித்தாச்சா என்று கேட்கிறார் என்றேன். "ஆச்சுன்னு சொல்லட்டும்" என்றார். சொன்னேன்.

மார்ச் 19

ஒன்றும் எழுத முடியவில்லை.

ஏப்ரல் 6

பதினோராம் தேதி கப்பல். பெட்டி கட்டியாயிற்று.

துரை படிக்கும் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார். என் சான்றிதழ். பெர்க்கை எழுதச் சொல்லவில்லை. தூளியிலிருந்து கையை எடுத்து, முழுவதையும் வலது கையால் எழுதினார். தேதியும் போட்டார். "சத்தியநேசம் ஒன்றரை வருஷம் என் வீட்டில் இருந்தார். அவர் கைபட்டது எதுவும் கெட்டதில்லை." அவ்வளவுதான். கையெழுத்துப் போடப் போனார்.

"துரை, கோணலா போடுங்க" என்றேன். "இல்லன்னா இடது கையால போடுங்க. மிஷன்ல இருக்கிறவங்க இந்த ஊர்க்காரங்க. பேப்பர் படிக்கிறவங்க."

"அரசர்கிட்ட ஒரு பொய் சொல்லியாச்சு. அது போதும். நேசத்தோட தாளில் என் பேர் என் பேரா இருக்கணும்."

போட்டார். கடைசிச் சுழியோடு. நடுக்கமே இல்லை.

"இதைக் காட்டினாலும் சரி, காட்டாவிட்டாலும் சரி. இனி இது நேசத்தோடது" என்றார். நான் தாளை ஊதிக் காய வைத்தேன். அவர் ஜன்னல் பக்கம் போய் நின்றார். "இந்த வீட்டில் யாராவது தமிழ் பேசிக்கிட்டே இருக்கிறது பழகிப்போச்சு" என்றார். டிக்கெட் வாங்கியாகிவிட்டது என்றேன். ஆமாம், வாங்கியாகிவிட்டது என்றார்.

வேறு பேச என்ன இருக்கிறது.

ஏப்ரல் 27

கப்பல். தலைசுற்றல். வாந்தி.

மே 23

பொறையாறு. வெயில், மீன் நாற்றம், எல்லாரும் ஒரே சமயத்தில் பேசுகிறார்கள். தூங்கித் தூங்கி எழுந்தேன்.

ஜூன் 2

பள்ளி நிர்வாகம் பார்க்கும் பாதிரியார், பெரிய ஐயர், இன்று கூப்பிட்டனுப்பினார். அவரும் ஸ்டாக்ஹோம்காரர்தான். மிஸ்ஸியம்மாவுக்காக ஜெபம் பண்ணினார். பிறகு ஊர் நினைப்பு வந்துவிட்டது.

"ஓக்கர்வால் துரைக்குக் கை விளங்காமப் போச்சாமே, நேசம். பேப்பர்ல படிச்சேன். நீதான் பக்கத்துல இருந்திருப்பே. நெசமாவே ஒண்ணுக்கும் உதவலையா? சில பேரு என்னென்னமோ எழுதுறாங்க."

"கரண்டிகூடப் பிடிக்க முடியலைங்க ஐயா."

"பாவம். சரி, சான்றிதழைக் கொடு. அதை வெச்சுத்தான் உன் உத்தியோகத்துக்கு மேலிடத்துக்கு எழுதணும். அவங்களுக்கு அசல் வேணும்."

தாள், ஏப்ரல் தேதியோடும் நடுங்காத அந்தச் சுழியோடும், என் பைக்குள் வேதப்புத்தகத்தின் நடுவில் இருந்தது. பை என் மடியில் இருந்தது. தலைமை ஆசிரியையின் நாற்காலி அவருக்குப் பின்னாலேயே, சுவரோரம் காலியாகக் கிடந்தது. மிஸ்ஸியம்மா தைத்த மெத்தை இன்னும் அதன் மேல் இருக்கிறது.

"கப்பல்ல தொலைஞ்சுபோச்சுங்க ஐயா."

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "சாக்குக்கட்டியைக்கூட எண்ணி வெக்கிற பிள்ளை நீ. இதையா தொலைச்சே?"

"ஆமாங்க ஐயா" என்றேன்.

ஜூன் 15

கிருபாவதி டீச்சரைத் தலைமை ஆசிரியையாகப் போட்டிருக்கிறார்கள். நாசரேத்திலிருந்து வந்திருக்கிறாள். நல்ல பெண். நாற்காலி மெத்தையை மாற்றிவிட்டாள்.

எனக்கு மூன்றாம் வகுப்பு. ஐம்பத்திரண்டு பிள்ளைகள். எல்லாருடைய பெயரையும் கரும்பலகையில் எழுதிப் போட்டு, பார்த்து எழுதச் சொன்னேன். சாயங்காலம் வலது கை தோள்வரை வலித்தது. விளக்கெண்ணெயில் பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சி, நானே இடது கையால் நீவிக்கொண்டேன். சரியாக வரவில்லை.